வெயிலில் வெளுத்த பழைய காருக்கு மறுபடி நிறம்: பாலிஷர் வாங்குவதற்கு முன் படித்துவிடுங்கள்

பழைய காரின் பானட்டும் கூரையும் வெளுத்துப்போனால் இரண்டு யோசனைகள்தான் காதில் விழும். "முழு வண்டிக்கும் பெயிண்ட் அடித்துவிடுங்கள்" என்பார் ஒருவர். "ரப்பிங் போட்டால் சரியாகிவிடும்" என்பார் இன்னொருவர். இருவருமே பெரும்பாலும் உங்கள் வண்டியைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். என் சிவப்புக் காரின் கூரை இளஞ்சிவப்பாகி, கையை வைத்தால் பொடி ஒட்டும் நிலைக்கு வந்தபோது, பட்டறை ஒன்றில் முழுப் பெயிண்ட் தவிர வேறு வழியே இல்லை என்றார்கள். அந்தக் கார் இன்றும் அதே கம்பெனி பெயிண்டில்தான் ஓடுகிறது. ஆனால் அந்த நிலைக்குக் கொண்டுவர நான் அலைந்த அலைச்சலும் தேடிய தேடலும் கொஞ்சமல்ல. அவ்வளவு பாடு உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பெயிண்டின் தடிமன் ஒரு கையிருப்பு. ஒவ்வொரு ரப்பிங்கும், அதாவது சொரசொரப்பான பசையால் மேற்பரப்பைத் தேய்த்தெடுப்பது, அதிலிருந்து எடுக்கும் செலவு. திரும்பப் போட வழியே இல்லை. அதனால் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் எடுக்கக் கூடாது. தெரிந்த பிறகும் தேவைக்கு மேல் எடுக்கக் கூடாது. கீழே வரும் எல்லாப் படிகளும் இதிலிருந்து பிறந்தவைதான்.

1. எந்த வகைப் பெயிண்ட், எந்த வகைச் சேதம்?

பொருள் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. அவசரப்பட்டு இதைத் தாண்டிப் போகிறவர்களே பிறகு பெயிண்டை இழக்கிறார்கள்.

கார் பெயிண்டில் இரண்டு வகை உண்டு. ஒற்றை அடுக்குப் பெயிண்டில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருக்கும். மற்றதில் நிறப் பூச்சுக்கு மேல் நிறமே இல்லாத கிளியர் கோட் ஒன்று தனியாக இருக்கும். இப்போதைய வண்டிகளில் பெரும்பாலும் கிளியர் கோட்தான். பழைய வண்டிகளில், அதிலும் மெட்டாலிக் இல்லாத வெள்ளை, சிவப்பு, கறுப்பு போன்ற நிறங்களில், ஒற்றை அடுக்கு அதிகம்.

கண்டுபிடிப்பது எளிது. நன்றாகக் கழுவிக் காயவைத்த இடத்தில், ஒரு சுத்தமான வெள்ளைத் துணியில் (வெள்ளைக் கார் என்றால் கறுப்புத் துணியில்) சிறிது பாலிஷ் வைத்து, கண்ணில் படாத ஓர் ஓரத்தில் லேசாகத் தேயுங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால் ஒற்றை அடுக்கு. அழுக்கு மட்டும் வந்தால் கிளியர் கோட். இந்தச் சோதனையைக் கூரை, பானட், ஒவ்வொரு கதவு, டிக்கி என எல்லாப் பகுதிகளிலும் செய்யுங்கள். முன்பு எப்போதோ இடித்து, ஒரு கதவுக்கு மட்டும் வேறு வகைப் பெயிண்ட் அடித்திருக்கலாம். மற்ற இடங்களில் எல்லாம் கிளியர் கோட் இருக்க, கூரையில் மட்டும் நிறம் வந்தால், அங்கே கிளியர் கோட் முழுதாகத் தேய்ந்துபோயிருக்க வாய்ப்புண்டு. அப்படியானால் அந்தப் பகுதியில் தேய்ப்பதை அங்கேயே நிறுத்துங்கள்.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. வெளுத்த இடத்தை ஈரத் துணியால் துடைத்து, ஈரம் காய்வதற்குள் கூர்ந்து பாருங்கள். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் பெயிண்டைப் பிடித்துவைத்திருக்கும் பிசினைச் சிதைக்கும்போது மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் சொரசொரப்பாகிறது. வெளிச்சம் அதில் பட்டுச் சிதறுவதால்தான் நிறம் மங்கித் தெரிகிறது. தண்ணீர் அந்தச் சொரசொரப்பை நிரப்புவதால், அடியில் நல்ல பெயிண்ட் இருந்தால் நிறம் சட்டென்று ஆழமாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் நம்பிக்கையோடு தொடங்கலாம். பாலிஷ் ஏறக்குறைய அந்த நிறத்தைத்தான் உங்களுக்குத் திருப்பித் தரப்போகிறது. நனைத்த பிறகும் வெள்ளைத் திட்டுகள் அப்படியே தெரிந்தால் நிலைமை வேறு.

பார்த்ததை வைத்து இப்படி முடிவு செய்யுங்கள்:

கையில் பொடி ஒட்டுகிறது, ஒற்றை அடுக்கு, நனைத்தால் நிறம் வருகிறது: மீட்பதற்கு மிகச் சாதகமான நிலை இதுதான். பார்வைக்குத்தான் மோசமாக இருக்கும்.

கிளியர் கோட் மங்கி, மெல்லிய கீறல்களோடு புகைபடிந்தாற்போல் இருக்கிறது, ஆனால் எங்கும் உரியவில்லை: மீட்கலாம், கவனத்தோடு.

கிளியர் கோட் செதில் செதிலாக உரிகிறது, அல்லது வெள்ளைத் திட்டின் ஓரத்தை நகத்தால் தொட்டால் எழுந்து வருகிறது: எந்தப் பாலிஷும் உதவாது. நேராக 10ஆம் படிக்குப் போங்கள்.

பெயிண்டில் வலைபோல் வெடிப்புகள்: வெடிப்பு ஆழம்வரை போயிருக்கும். இதற்கும் பாலிஷ் மருந்தல்ல.

ஒரே காரில் இந்த நான்குமே இருக்கலாம். வெயில் நேராக விழும் கூரையும் பானட்டும் டிக்கியும் முதலில் கெடும். கதவுகள் பெரும்பாலும் தப்பித்திருக்கும். ஆகவே முழு வண்டிக்கும் ஒரே தீர்ப்பு எழுத வேண்டாம்.

2. தடிமனை அளந்து எழுதிவையுங்கள்

பெயிண்ட் தடிமன் அளக்கும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. வாங்க மனமில்லை என்றால் பெயிண்டிங் பட்டறையிலோ பழைய கார் வாங்கி விற்பவரிடமோ இரவல் கேளுங்கள். சில நிமிட வேலைதான். எஃகுத் தகட்டில் எல்லாக் கருவிகளும் அளக்கும். அலுமினியப் பானட் என்றால் அதையும் அளக்கக்கூடிய கருவியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரணக் கருவிகள் வேலை செய்யாது.

கம்பெனி பெயிண்ட் பொதுவாக 100 முதல் 180 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கும். அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான் இருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், நாம் எவ்வளவு மெல்லிய படலத்தின்மேல் வேலை செய்கிறோம் என்பது புரியும். 200க்கு மேல் காட்டினால் அங்கே மறுபெயிண்ட் அடித்திருக்கலாம். பல நூறு மைக்ரான் என்றால் அடியில் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வைத்திருக்கிறார்கள். 90க்குக் கீழே போனால் அந்த இடத்தில் மெஷின் வேண்டாம். கையால், மென்மையான பாலிஷோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு பகுதிக்குக் குறைந்தது ஐந்தாறு இடங்களில் அளங்கள். கதவைத் திறந்தால் தெரியும் உள்சட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். வெயில் படாத, யாரும் தேய்க்காத அந்த இடம் ஒப்பிட உதவும். அங்கே வெளிப்புறத்தைவிடச் சற்று மெல்லியதாக அடித்திருப்பது வழக்கம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். காரின் உண்மையான நிறம் எது என்பதையும் அந்த உள்சட்டமே சொல்லும்.

ஓர் எச்சரிக்கை: கருவி காட்டுவது மொத்தத் தடிமன். அதில் கிளியர் கோட் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அது சொல்லாது. 130 என்று வந்ததால் துணிந்து தேய்க்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஆற்றல் கிளியர் கோட்டின் மேற்பகுதியில்தான் அதிகம். அதைச் சில மைக்ரான் கூடுதலாக எடுத்துவிட்டால், இன்று பளபளக்கும். விரைவில் உரியத் தொடங்கும்.

3. காகிதங்கள், செலவு, நேரம்

வேலைக்கு முன் திரட்ட வேண்டியவை இவை. முதலாவது, பெயிண்ட் குறியீட்டு எண். கதவின் உள்சட்டத்திலோ, எஞ்சின் அறையிலோ, டிக்கியிலோ ஒட்டிய தகட்டில் அல்லது ஸ்டிக்கரில் இருக்கும். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, முந்தைய உரிமையாளரிடம் பழைய பட்டறை ரசீதுகள் இருந்தால் கேட்டு வாங்குங்கள்; எந்தப் பகுதிக்கு எப்போது பெயிண்ட் அடித்தார்கள் என்பது அதில் தெரியும். மூன்றாவது, பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பகுதியின் புகைப்படம். பட்டறையிடம் விடுவதாக இருந்தால் இது கட்டாயம் வேண்டும்.

பதிவுச் சான்றிதழில் காரின் நிறம் குறிக்கப்பட்டிருக்கும் நாடுகள் பல. அதே நிறத்தை மீட்பதற்குப் பொதுவாக யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் "இதுதான் சாக்கு, நிறத்தையே மாற்றிவிடலாம்" என்று தோன்றினால், பதிவு அலுவலகத்தையும் காப்பீட்டு நிறுவனத்தையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள். அடித்து முடித்த பிறகு கேட்பது வீண் சிக்கல்.

செலவில் பெரிய பங்கு பாலிஷ் மெஷினுக்குத்தான். அடுத்தது மெஷினில் பொருத்தித் தேய்க்கும் பேடுகளும் மைக்ரோஃபைபர் துணிகளும். இவற்றைத்தான் எல்லோரும் குறைவாக வாங்குகிறார்கள். காம்பவுண்டும் (பாலிஷைவிடக் கடுமையாகத் தேய்க்கும் பசை) பாலிஷும் சிறிய பங்கு. ஒரு காருக்கு ஒரு சிறிய புட்டியே தாராளம். ஆகவே விலையுயர்ந்த பாலிஷ் ஒன்றையும் பேட் இரண்டையும் வாங்குவதைவிட, நடுத்தரமான பாலிஷோடு ஆறு பேடுகளும் பத்துப் பதினைந்து நல்ல துணிகளும் வாங்குவது புத்திசாலித்தனம். ஒரே ஒரு காருக்குத்தான் என்றால் மெஷினை வாடகைக்கோ இரவலாகவோ பெறுங்கள். கூரையை மட்டும் மறுபெயிண்ட் அடிப்பதற்கே, இத்தனைப் பொருள்களின் மொத்த விலையைவிட அதிகமாகக்கூடும்.

நேரத்தைப் பொறுத்தவரை, கழுவி அழுக்கு நீக்க அரை நாள் ஒதுக்குங்கள். மெஷின் வேலைக்குச் சிறிய காருக்கே ஒரு முழு நாள். புதியவர் என்றால் இரண்டு. ஒற்றை அடுக்குப் பெயிண்டுக்கு, ஓர் இரவு ஊறவிடும் வேலை இருப்பதால், இன்னும் ஒரு நாள் கூடும். செராமிக் கோட்டிங் (பெயிண்டின்மேல் இறுகி நிற்கும் காப்புப் பூச்சு) போடுவதாக இருந்தால், வண்டி ஒரு நாளாவது தண்ணீர் படாத இடத்தில் நிற்க வேண்டும். இத்தனையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடியும் என்று திட்டமிட்டால், மாலையில் அவசரம் வரும். அவசரத்தில்தான் ஓரங்களில் பெயிண்ட் போகும்.

4. கழுவி, ஒட்டியதை நீக்குங்கள்

நிழலில், தொட்டால் குளிர்ந்திருக்கும் வண்டியில் தொடங்குங்கள். இரண்டு வாளிகள் வைத்து, ஒன்றில் கார் ஷாம்புத் தண்ணீர், மற்றதில் கழுவும் கையுறையை அலசுவதற்குச் சாதாரணத் தண்ணீர். மேலிருந்து கீழ்நோக்கி வாருங்கள்.

கழுவிக் காய்ந்தபின் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் விரல்களை நுழைத்து, பானட்டின்மேல் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். வெறும் விரலுக்கு வழுவழுப்பாகத் தெரிந்த இடம் இப்போது மணல் தூவியதுபோல் உறுத்தும். அது தார்த் துளி, பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் துகள், மரப் பிசின் எல்லாம் சேர்ந்தது. தார் நீக்கியும், இரும்புத் துகளைக் கரைக்கும் திரவமும், கடைசியாக வழுக்கும் திரவத்தோடு கிளே பாரும் (ஒட்டியதைப் பிடித்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி) என்ற வரிசையில் போங்கள். இரும்பு நீக்கி துகள்மேல் பட்டதும் ஊதா நிறமாகும், காய்வதற்குள் கழுவிவிடுங்கள். ஒற்றை அடுக்குப் பெயிண்டில் ரசாயனம் எதுவானாலும் முதலில் ஓர் ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். கிளே பார் தரையில் விழுந்தால் அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டியதுதான். அதில் ஒட்டிய ஒரு மணல் துகள், கதவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கீறிவிடும்.

பற்பசை, மண்ணெண்ணெய், சமையலறையில் பாத்திரம் துலக்கும் பொடி ஆகியவற்றை யார் சொன்னாலும் காரின் அருகே கொண்டுபோகாதீர்கள். பற்பசையும் பொடியும் பெயிண்டைச் சீரில்லாமல் கீறும். மண்ணெண்ணெய் ஓர் எண்ணெய்ப் படலத்தை விட்டுச் சில நாள் பளபளக்கவைக்கும், அவ்வளவுதான்.

5. மாஸ்கிங் டேப்

பீடிங் ரப்பர், கறுப்பு பிளாஸ்டிக் பாகங்கள், விளக்குகளின் ஓரம், எழுத்துச் சின்னங்கள் எல்லாவற்றையும் டேப் ஒட்டி மறையுங்கள். கறுப்பு பிளாஸ்டிக்கில் பாலிஷ் காய்ந்தால் வரும் வெள்ளைக் கறை எளிதில் போகாது. பானட்டின் கூர்மையான மடிப்புக் கோடுகளின் மேலும் கதவு ஓரங்களிலும் டேப் ஒட்டுங்கள். பெயிண்ட் எப்போதும் மெல்லியதாக இருக்கும் இடம் அதுதான், பேட் அழுத்தமாகப் படும் இடமும் அதுதான்.

6. ஒரு கட்டத்தில் மட்டும் சோதனை

முழு வண்டியையும் ஒரே மூச்சில் தொடங்காதீர்கள். பானட்டில் சுமார் 50 சென்டிமீட்டர் சதுரத்தை எடுத்து, நடுவே ஒரு டேப் கோடு ஒட்டுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும், உங்களிடம் இருப்பதிலேயே மென்மையான பேடும் மென்மையான பாலிஷும் கொண்டு வேலை செய்யுங்கள். டேப்பை உரித்ததும் அந்தக் கோடு உண்மையைச் சொல்லும்: இந்தப் பக்கம் பூத்துப்போன சுண்ணாம்பு நிறம், அந்தப் பக்கம் வானம் தெரியும் சிவப்பு. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

போதுமான பலன் வந்துவிட்டால், முழு வண்டிக்கும் அதே பேட், அதே பாலிஷ்தான். வராவிட்டால் முதலில் பேடை மட்டும் ஒரு படி கடினமாக்குங்கள். அதற்கும் வராவிட்டால்தான் காம்பவுண்டு. கடைக்காரர் முதலில் நீட்டும் கடினமான ரப்பிங் காம்பவுண்டில் தொடங்குவது, தலைகீழாகப் போவது.

7. மெஷின் வேலை

புதியவருக்கு டூயல் ஆக்‌ஷன் பாலிஷர்தான். அதன் தட்டு சுற்றிக்கொண்டே ஊசலாடுவதால் வெப்பம் ஒரே இடத்தில் சேராது. ரோட்டரி மெஷின் வேகமாக வேலை செய்யும். அதே வேகத்தில் பெயிண்டையும் எரித்துவிடும். பட்டறையில் பல ஆண்டுகள் பழகிய கைகளுக்குரியது அது.

பேட் பொருத்தும் தட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மெஷின் ஓடும்போது அந்தக் கோடு சுற்றுகிறதா என்று தெரியும். சுற்றாமல் அதிர மட்டும் செய்தால், நீங்கள் அதிகம் அழுத்துகிறீர்கள் அல்லது பேடைச் சாய்த்துப் பிடித்திருக்கிறீர்கள்.

பேடில் பட்டாணி அளவுத் துளிகள் நான்கைந்து வையுங்கள். மெஷினை ஓடவிடாமலே கட்டத்தில் ஒற்றிப் பரப்புங்கள். இல்லாவிட்டால் சுவரெல்லாம் தெறிக்கும். ஆறு வேகங்கள் உள்ள மெஷினில் 4 அல்லது 5இல் வைத்து, விநாடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் என்ற நிதானத்தில் நகர்த்துங்கள். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் பாதியை மூட வேண்டும். முதலில் மேலும் கீழுமாக, பிறகு இடமும் வலமுமாக. இப்படி இரண்டு மூன்று சுற்றுகள் போதும். பிறகு துணியால் துடைத்துப் பார்த்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போங்கள். புதியவர்கள் கையை மிக வேகமாக ஓட்டுகிறார்கள். பாலிஷ் வேலை செய்ய நேரமே கிடைப்பதில்லை. அதைச் சரிக்கட்டத்தான் பிறகு கடினமான காம்பவுண்டைத் தேடுகிறார்கள்.

அவ்வப்போது உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் நிறுத்தி ஆறவிடுங்கள். பம்பரில் இன்னும் கவனம் வேண்டும்; பிளாஸ்டிக் வெப்பத்தை எளிதில் கடத்தாததால் சூடு பெயிண்டிலேயே தங்கிவிடும்.

ஒற்றை அடுக்குப் பெயிண்ட் என்றால் முறையே வேறு. பல ஆண்டுகள் வெயிலில் நின்ற அந்தப் பெயிண்ட் வறண்டுபோயிருக்கும். அதன்மேல் நேராக ரப்பிங் அடித்தால் நிறம் கொத்தாக வந்துவிடும். எண்ணெய்ச் சத்து அதிகமுள்ள, தேய்க்கும் துகள் இல்லாத கிளேஸ் வகை ஒன்றை வாங்கி, பருத்தித் துண்டால் தாராளமாகத் தடவித் தேய்த்து, ஓர் இரவு அப்படியே விட்டு, காலையில் துடையுங்கள். வறட்சி மிகுந்த இடத்தில் இன்னொரு முறை. இதற்குள்ளாகவே நிறம் ஆழமாகத் தொடங்கும். பிறகுதான் மென்மையான பாலிஷும் மெஷினும். பேட் சில நிமிடங்களில் காரின் நிறத்துக்கு மாறிவிடும், அலசும் வாளித் தண்ணீரும் சிவந்துவிடும். பயப்பட வேண்டாம்; வந்துகொண்டிருப்பது செத்துப்போன மேல்தோல். ஆனால் அது பேடை அடைத்துவிடும் என்பதால், ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் பேடைத் தூரிகையால் சுத்தம் செய்யுங்கள், அல்லது மாற்றுங்கள். ஆறு பேடு வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஒற்றை அடுக்கிலேயே மெட்டாலிக் என்றால் இரட்டிப்புக் கவனம். துணியில் சாம்பல் கறுப்பாக வருவது அலுமினியத் துகள். அதிகம் தேய்த்தால் நிறம் திட்டுத்திட்டாகிவிடும். கையால், லேசாக, சீக்கிரமே நிறுத்திவிடுங்கள்.

உடல்நலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பழைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புப் பெயிண்டுகளில் ஈயம் கலந்த நிறமிகள் இருக்கக்கூடும். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். கையுறையும் துகள் தடுக்கும் முகக்கவசமும் அணியுங்கள். குழந்தைகளை அருகே விடாதீர்கள். அந்தத் துணிகளை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

2000, 3000 எண் வாட்டர் பேப்பர் (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டுத் தேய்க்கும் காணொளிகளைப் பார்த்துக் கை துறுதுறுக்கும். வேண்டாம். மறுபெயிண்ட் அடித்த தடிமனான பூச்சில், பழகிய கை செய்ய வேண்டியது அது. வெளுத்த கம்பெனி பெயிண்டில் அதைத் தொடங்குபவருக்கு, எடுக்க மீதமே இருக்காது.

8. எண்ணெயைத் துடைத்துவிட்டு மதிப்பிடுங்கள்

பாலிஷ்களில் உள்ள எண்ணெய் மெல்லிய கீறல்களை மறைத்துப் பொய்யான பளபளப்பைக் காட்டும். தண்ணீர் கலந்து நீர்த்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலாலோ, அதற்கென்றே விற்கும் பேனல் துடைப்புத் திரவத்தாலோ துடைத்த பிறகு தெரிவதுதான் உங்கள் உண்மையான பலன். ஒற்றை அடுக்கில் இதையும் ஓர் ஓரத்தில் சோதித்த பிறகே பயன்படுத்துங்கள். ஒரு கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மறுபடியும் தடிமனை அளந்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

ஆழமான ஒரு கீறல் போகவில்லை என்றால் அதை விட்டுவிடுங்கள். பழைய காரில் நான்கு கீறல்கள் இருப்பது குறையல்ல. அதை அழிக்கப்போய்க் கிளியர் கோட்டைத் துளைப்பதுதான் குறை.

கல் தெறித்த புள்ளிகளுக்கு டச்சப் பெயிண்ட் வாங்குவதாக இருந்தால், அதற்கு நேரம் இப்போதுதான். வெளுத்த நிலையில் பார்த்து நிறம் கலந்து வாங்கினால், பாலிஷ் முடிந்ததும் அது பொருந்தாது.

9. காப்புப் பூச்சு

பாலிஷ் செய்து அப்படியே விட்டால், குறிப்பாக ஒற்றை அடுக்குப் பெயிண்ட், சில மாதங்களில் மறுபடி பூக்கத் தொடங்கும். மூன்று வழிகள் உள்ளன. கார்னாபா மெழுகு மலிவு, பூசுவது சுலபம், ஆழமான நிறம் தரும். வெயிலில் சில வாரங்கள் முதல் இரண்டு மூன்று மாதங்கள்வரை தாங்கும். செயற்கை சீலண்ட் ஏறக்குறைய அரை ஆண்டு தாங்கும். செராமிக் கோட்டிங் ஆண்டுக்கணக்கில் நிற்கும், ஆனால் விலை அதிகம். அதைப் பூசும்போது மிச்சத்தை உரிய நேரத்தில் துடைக்காவிட்டால் திட்டாக இறுகிவிடும். எடுக்க மறுபடி பாலிஷ்தான் போட வேண்டும். முதல் முறை செய்பவருக்கும், ஒற்றை அடுக்குப் பெயிண்டுக்கும் என் சிபாரிசு மெழுகு அல்லது சீலண்ட். அடிக்கடி பூச வேண்டியிருப்பதால் காரைக் கூர்ந்து பார்க்கும் பழக்கமும் வரும்.

"நிறத்தை மீட்கும்" என்று எழுதி விற்கும் சிலிக்கோன் திரவங்கள் இதில் சேராது. சில கழுவலில் போய்விடும். பிறகு பட்டறையில் பெயிண்ட் அடிக்க நேர்ந்தால், அந்தச் சிலிக்கோன் படலமே புதுப் பெயிண்டில் குழிகளை உண்டாக்கும்.

10. பாலிஷுக்கு அப்பாற்பட்ட பகுதிகள்

உரிந்த கிளியர் கோட்டின்மேல் ஸ்பிரே கேனில் வரும் கிளியரை அடித்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பழைய பூச்சின் உரியும் ஓரம் அடியில் தளர்ந்தே இருப்பதால், புதியதும் அதோடு சேர்ந்து எழுந்துவிடும். இறுகும் திரவம் கலந்து அடிக்கும் இரண்டு பாகக் கிளியரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது மூச்சுக்குழாயைத் தாக்கி ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடும். சாதாரண முகக்கவசம் அதற்குக் காப்பாகாது. வீட்டு முற்றத்தில் அதை அடிக்காதீர்கள்.

பட்டறைக்குத்தான் போக வேண்டும். ஆனால் முழு வண்டிக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. கெட்டது கூரையும் பானட்டும் என்றால் அந்த இரண்டுக்கு மட்டும் விலை கேளுங்கள். முதலில் மற்றப் பகுதிகளுக்கு நீங்கள் பாலிஷ் போட்டுவிட்டு, அந்த நிறத்துக்குப் பொருந்தும்படி அடிக்கச் சொல்லுங்கள். இந்த வரிசை மாறினால் புதுப் பானட் தனியாக நிற்கும். குறைந்தது மூன்று பட்டறைகளில் எழுத்துமூலம் மதிப்பீடு வாங்குங்கள். அதில் இவை இருக்க வேண்டும்: பழைய கிளியரை முழுவதும் தேய்த்து எடுப்பார்களா, எந்தக் கம்பெனியின் கிளியர், எத்தனைக் கோட், விளக்குகளையும் பீடிங்கையும் கழற்றி அடிப்பார்களா அல்லது டேப் ஒட்டி அடிப்பார்களா, உரிந்தால் எத்தனைக் காலத்துக்குப் பொறுப்பு. வாய்மொழி உத்தரவாதம் ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. டேப் ஒட்டி அடிப்பது மலிவாக முடியும். பிற்பாடு உரிவது அந்த டேப் ஓரத்தில்தான் தொடங்கும்.

புதுப் பெயிண்டில் உள்ள கரைப்பான்கள் வெளியேற அவகாசம் வேண்டும். மெழுகு, சீலண்ட் எதையும் உடனே பூசாதீர்கள். பொதுவாக 30 முதல் 90 நாட்கள் காத்திருக்கச் சொல்வார்கள். உங்கள் பெயிண்டுக்கு எத்தனை நாள் என்று பட்டறையிடம் கேட்டு ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

11. பிறகு பார்த்துக்கொள்வது

இரண்டு வாரங்களுக்கு ஒரு முறையாவது கார் ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். பறவை எச்சத்தைக் கண்ட அன்றே ஈரத் துணியால் ஊறவைத்து எடுங்கள். வெயில் பட்டால் அது பெயிண்டை அரித்துவிடும். தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். உறை போடுவதாக இருந்தால், கழுவிய காரின்மேல் மட்டும் போடுங்கள். தூசியின்மேல் போட்ட உறை காற்றில் ஆடும்போது உப்புத்தாளாக மாறும்.

தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருளாமல் தட்டையாகப் பரவத் தொடங்குவது மெழுகு தீர்ந்ததன் அடையாளம். அப்போது புது மெழுகு பூசுங்கள், மெஷினை எடுக்காதீர்கள். பெயிண்ட் குறியீட்டு எண், இரண்டு முறை அளந்த தடிமன்கள், பயன்படுத்திய பாலிஷின் பெயர், தேதி ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிப் பதிவுச் சான்றிதழோடு வையுங்கள். அடுத்து இந்தக் காரை வாங்குபவரோ, இடித்தால் வேலை செய்யப்போகும் பெயிண்டரோ, முதலில் கேட்கப்போவது அதைத்தான்.